சுவரில் ஒரு வெள்ளைப் புள்ளி

எங்கள் வீட்டுக் கூடத்தில் ட்யூப்லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருக்கிறது. அது இருப்பதே பல நாள் காலண்டர் மேல் கிடக்கும் எச்சத்தைப் பார்த்தால்தான் நினைவுக்கு வரும். அரிசியைவிடச் சற்று நீளமான கருப்புத் துண்டு, அதன் ஒரு நுனியில் சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போல வெள்ளை. அலமாரியில் கிடப்பது எலிப் புழுக்கையா பல்லி எச்சமா என்று சந்தேகம் வந்தால் அம்மா அந்த வெள்ளையைத்தான் தேடுவார். எலிப் புழுக்கையில் அது இருக்காது.

கருப்பு, செரித்தது போக மிஞ்சிய பூச்சி. வெள்ளை, பல்லியின் சிறுநீர். சிறுநீர் என்று பெயர்தானே தவிர அதில் நீர் ஏறக்குறைய இல்லை. சிறுநீரகத்திலிருந்து குழம்பாக இறங்கி வருவது மலத்தோடு சேரும் இடத்தில், உடல் கடைசித் தண்ணீரையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சிய யூரிக் அமிலப் பொடிதான் அந்தச் சுண்ணாம்புப் புள்ளி.

புரதத்தைத் தின்னும் எந்த உயிருக்கும் நைட்ரஜன் கழிவு ஒரு தலைவலி. அது முதலில் அம்மோனியாவாகத்தான் உடலில் தேங்கும். அம்மோனியா நஞ்சு. பெரும்பாலான மீன்களுக்கு இதனால் கவலையில்லை. செவுள் வழியாகச் சுற்றியுள்ள நீரில் கரைத்துவிட்டால் முடிந்தது. கரையில் இருப்பவர் அப்படிச் செய்ய முடியாது. ஒரு கிராம் அம்மோனியாவை ஆபத்தில்லாமல் வெளியேற்ற 300 முதல் 500 மில்லி தண்ணீர் வேண்டும் என்று பாடநூல்கள் கணக்குச் சொல்கின்றன. அதையே யூரியாவாக மாற்றினால் சுமார் 50 மில்லி போதும். நாமும் தவளையும் இந்த வழிக்காரர்கள். யூரிக் அமிலமாக்கினால் 10 மில்லிதான். அதைத் தயாரிக்க உடல் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும், ஆனால் அது நீரில் எளிதில் கரையாது, படிகமாகப் படிந்துவிடும். நம் உடலிலும் அது கொஞ்சம் உண்டு. “யூரிக் ஆசிட் கூடியிருக்கு” என்று டாக்டர் சொன்னால், பல்லி காலண்டர் மேல் விட்டதை நாம் கால் கட்டைவிரல் மூட்டில் சேர்த்து வைத்திருக்கக்கூடும் என்று பொருள்.

தமிழில் எச்சம் என்ற சொல்லை நான் பலமுறை வியந்திருக்கிறேன். பல்லி போடுவதும் எச்சம், பாறையில் கிடைக்கும் தொல்லுயிரின் எலும்பும் எச்சம், ஒருவர் விட்டுச்செல்லும் பிள்ளைகளும் எச்சம். இந்த அத்தியாயத்துக்கு மூன்றும் வேண்டும்.

கரைவாழ்க்கை என்றதும் கால் முளைத்த மீனைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். கால் அவ்வளவு பெரிய காரியமில்லை என்பது என் கட்சி. கால் முளைத்து ஏழெட்டுக் கோடி ஆண்டுகள் ஆன இனங்கள்கூடத் தண்ணீரை விட்டு அதிக தூரம் போகவில்லை. உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஆக்சிஜன் உடலுக்குள் நுழைய மெல்லிய, ஈரமான சவ்வு வேண்டும். அதே சவ்வு காற்றில் பட்டால் ஈரம் வெளியே போய்க்கொண்டே இருக்கும். காற்று வரும் வாசலும் தண்ணீர் போகும் வாசலும் ஒன்று. வாசலை மூடினால் மூச்சு முட்டும். திறந்தால் உடல் வற்றும். தோலானாலும் முட்டையானாலும் இதே இக்கட்டுதான்.

தவளை இந்த வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. அதற்கு நுரையீரல் உண்டு, ஆனால் காற்றை இழுக்க விலா எலும்புகள் கிடையாது. தாடைக்குக் கீழே தொண்டை துடித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாயில் காற்றை நிரப்பி, வாயின் தரையை உயர்த்தி, விழுங்குவதுபோல நுரையீரலுக்குள் தள்ளுகிறது. பம்ப் சிறியது. ஆக்சிஜனை ஓரளவு இழுத்துவிடலாம், கரியமில வாயுவை வெளியேற்ற அது போதாது. அந்த வேலையின் பெரும்பகுதியைத் தோல்தான் செய்கிறது. அதனால் தோல் எப்போதும் ஈரமாக இருந்தாக வேண்டும். பல தவளைகளின் தோலிலிருந்து தண்ணீர் ஆவியாகும் வேகம், திறந்து வைத்த தட்டிலிருந்து ஆவியாவதற்குக் கிட்டத்தட்டச் சமம். மழை பெய்த இரவில் அவை கச்சேரி நடத்துவதும் சித்திரை வெயிலில் காணாமல் போவதும் இதனால்தான்.

தவளைகள் முயலவில்லை என்று சொல்லிவிடக் கூடாது. களக்காடு முண்டந்துறையில் ராவோர்கெஸ்டஸ் சலசோடெஸ் என்று ஒரு பச்சைத் தவளை இருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக யார் கண்ணிலும் படாமல் இருந்து, மீண்டும் கிடைத்துவிட்ட செய்தி 2011-ல் வந்தது. மெல்லிய மூங்கிலின் கணுக்களுக்கு இடையே உள்ள சிறு பிளவு வழியாக உடலைச் சுருக்கி உள்ளே நுழைகிறது, வெற்றிடத்துக்குள் சில முட்டைகள் மட்டும் இடுகிறது, ஆண் காவலிருக்கிறது. தலைப்பிரட்டை என்ற கட்டமே இல்லை. முட்டைக்குள்ளிருந்து நேராகக் குட்டித் தவளை வெளியே வரும். குளம் தேவையில்லாத தவளை! ஆனாலும் மூங்கிலுக்குள் இருக்கும் ஈரக் காற்று தேவை. முட்டையும் சிறியதாகவே இருக்க வேண்டும். வெறும் வழவழப்பால் மூடிய முட்டையில் ஆக்சிஜன் ஊறித்தான் நடுவுக்குப் போக முடியும். முட்டை பெருக்கப் பெருக்க நடுவில் இருக்கும் கருவுக்கு அது எட்டாது. இப்படிப்பட்ட முட்டைகள் ஒரு சென்டிமீட்டர் அளவோடு நின்றுவிடுகின்றன.

அந்த எல்லையைத் தாண்டியவர்களின் மிகப் பழைய எலும்பு கிடைத்தது கனடாவில். நோவா ஸ்கோஷியாவின் ஃபண்டி விரிகுடாவில் கடல் ஏறி இறங்கும் உயரம் சில இடங்களில் 15 மீட்டரைத் தாண்டும். அதாவது நாலு மாடி உயரம், ஒரு நாளில் இருமுறை. அந்த அலை ஜாகின்ஸ் என்ற ஊரின் செங்குத்துப் பாறைகளை ஓயாமல் அரித்து, உள்ளே இருக்கும் நிலக்கரிக் காலக் காட்டைச் சிறுகச் சிறுக வெளியே காட்டுகிறது. மரங்கள் நின்ற நிலையிலேயே கல்லாகி நிற்கின்றன. 1852-ல் ஸ்காட்லாந்தில் பிறந்த புவியியலாளர் சார்லஸ் லயலும் நோவா ஸ்கோஷியாக்காரரான வில்லியம் டாசனும் அங்கே நடந்தபோது, ஒரு கல்மரத்தின் அடிக்கட்டைக்குள் எலும்புகளைக் கண்டார்கள். முதலில் கிடைத்தது தவளைகளின் பக்கத்து உறவுக்காரன் ஒருவனுடையது. டாசன் விடாமல் கட்டைகளை உடைத்துக்கொண்டே இருந்தார். 1860-ல் அவர் பெயர் வைத்த இன்னொரு சிறு விலங்குதான் ஹைலோனோமஸ் லயெல்லி. காட்டில் வாழ்வது என்று பொருள். பின்பாதி நண்பர் லயலுக்கு மரியாதை.

வாலோடு சேர்த்து இருபது சென்டிமீட்டர். பார்த்தால் சாதாரணப் பல்லி என்றுதான் சொல்வீர்கள். வயது ஏறத்தாழ 31 கோடி ஆண்டுகள். அது மரக்கட்டைக்குள் எப்படி வந்தது? வெள்ளம் கொண்டுவந்த மண் மரங்களின் அடிப்பகுதியை மூடியது, மரம் பட்டுப்போனது, நடுப்பகுதி உளுத்துக் குழியானது, ஓடித் திரிந்த பிராணிகள் தவறி விழுந்தன என்றார் டாசன். சில கட்டைகளுக்குள் கரித்துண்டுகள் இருப்பதைப் பார்த்த பின்னாளைய ஆய்வாளர்கள், காட்டுத்தீயில் குடைந்துபோன பொந்துகளில் அவை விரும்பியே குடியிருந்திருக்கலாம் என்கிறார்கள். ட்யூப்லைட்டுக்குப் பின்னால் வசிப்பவரைத் தினமும் பார்க்கும் எனக்கு இரண்டாவது கதைதான் பிடித்திருக்கிறது.

ஹைலோனோமஸ்தான் ஆதி ஊர்வன என்று ஒன்றரை நூற்றாண்டு பாடம் படித்தோம். 2025 மே மாதம் நேச்சர் இதழில் வெளியான ஒரு கற்பலகை அந்தப் பாடத்தைக் கலைத்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிடைத்தது. இரண்டு கைகளால் தூக்கிவிடும் அளவு. அதன் மேல் சில காலடித் தடங்கள். விரல் நுனிகளில் நகம் கீறிய கோடுகள் தெளிவாக இருக்கின்றன. நகம் ஊர்வன வகையறாவின் அடையாளம். தவளை, சாலமாண்டர் கூட்டத்தில் அது வழக்கமில்லை. பாறையின் வயது சுமார் 35 கோடியே 50 லட்சம் ஆண்டுகள். எலும்பு கிடைக்காமல் தடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதுவது சரியா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஹைலோனோமஸுக்கு நாலு கோடி ஆண்டுகள் முன்னாலேயே நகத்தோடு ஒருவர் அந்தச் சேற்றில் நடந்து போயிருக்கிறார் என்பதை மறுப்பது கடினம்.

சரி, முட்டைக்கு வருவோம். இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு வசதி. பிரசவ அறைக்கு வெளியே காத்திருந்த எவருக்கும் ‘பனிக்குடம் உடைஞ்சிருச்சு’ என்ற வாக்கியம் தெரியும். அந்தப் பனிக்குடம்தான் நம் கதாநாயகன். விலங்கியலார் இதை அம்னியான் என்கிறார்கள். ஊர்வன, பறவைகள், பாலூட்டிகள் மூன்றையும் சேர்த்து அவர்கள் அம்னியோட்டுகள் என்று அழைப்பதும் இதனால்தான். நாம் தாராளமாகப் பனிக்குட விலங்குகள் என்று சொல்லலாம். கரு ஒரு சவ்வுப் பைக்குள், உப்புக் கரைந்த நீரில் மிதக்கிறது. ஆமைக்கும் கோழிக்கும் உங்களுக்கும் எனக்கும் இதே ஏற்பாடு.

பனிக்குடம் தனியாக இருந்தால் ஒரு நாள்கூடத் தாங்காது. கருவுக்குத் தீனி வேண்டும், மூச்சு வேண்டும், கழிவறை வேண்டும். மஞ்சள் கருவைச் சுற்றியிருக்கும் பை தீனியைப் பார்த்துக்கொள்கிறது. கழிவுக்கு அலன்டாய்ஸ் என்ற இன்னொரு பை கருவின் குடலிலிருந்து பலூன்போலப் புடைத்து வளர்கிறது. எல்லாவற்றையும் சுற்றி வெளிப்புறத்தில் கோரியான் என்ற சவ்வு. இந்த ஏற்பாட்டில் என்னை ஆச்சரியப்படுத்துவது, கழிவறைப் பைதான் கருவுக்கு நுரையீரலும் என்பது. அலன்டாய்ஸ் வளர்ந்து வளர்ந்து கோரியானோடு ஒட்டி, ஓட்டின் உட்புறம் முழுக்க இரத்த நாளங்களைப் பரப்புகிறது. ஓட்டின் நுண்துளைகள் வழியே வரும் ஆக்சிஜனை அந்த நாளங்கள் எடுத்துப்போகின்றன. அடைகாக்கும் முட்டையை இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிவப்பாகச் சிலந்தி வலைபோலத் தெரிவது அதுதான். ஆக்சிஜன் நடுவுக்கு ஊறி வரும்வரை கரு காத்திருப்பதில்லை. விளிம்புக்கே போய் அள்ளி வருகிறது. முட்டை ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியது இப்படித்தான். நெருப்புக்கோழி முட்டையளவுக்குப் போவதற்கும் அதுதான் வழிவிட்டது.

அந்தப் பையில் கழிவு எந்த வடிவில் சேரும்? பல்லியும் பறவையும் போன்ற வகைகளில் யூரிக் அமிலமாக. யூரியா கரையக்கூடியது, மூடிய முட்டைக்குள் சேரச் சேர அடர்த்தி கூடும். யூரிக் அமிலமோ படிகமாகி மூலையில் கிடக்கும், கருவைத் தொந்தரவு செய்யாது. சுவரிலிருக்கும் வெள்ளைப் புள்ளியின் பழக்கம் ஓட்டுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது.

நமக்கு ஓடு இல்லை, அலன்டாய்ஸ் மறையவில்லை. அதன் இரத்த நாளங்கள்தான் தொப்புள்கொடியாக நஞ்சுக்கொடிக்குப் போகின்றன. சிறுநீர்ப்பையின் உச்சியிலிருந்து தொப்புள் வரை ஓடும் ஒரு நார் உங்கள் வயிற்றுக்குள் இன்னும் இருக்கிறது. அதுவும் எச்சம்தான்.

இந்த முட்டை எப்படித் தோன்றியது என்பதில் அறிஞர்களுக்குள் பழைய வழக்கு ஒன்று உண்டு. முட்டைதான் முதலில் கரையேறியது, தாய் பிறகுதான் வந்தாள் என்று ஹார்வர்டின் ஆல்ஃபிரட் ரோமர் 1957-ல் எழுதினார். தண்ணீரில் வாழ்ந்துகொண்டே, வற்றும் குளத்துக்கும் தின்ன வரும் வாய்களுக்கும் பயந்து கரையில் முட்டையிட்ட பிராணிகளை அவர் கற்பனை செய்தார். அழகான கதை, நெடுநாள் செல்லுபடியாகியது. எதிர்க்கட்சி சொல்வது வேறு: முட்டை தாயின் வயிற்றிலேயே நெடுநாள் தங்கியது, அந்தச் சவ்வுகள் அங்கேதான் உருவாயின, ஓடு கட்டி வெளியே இடுவது பிறகு வந்த பழக்கம். பிரேசிலில் கிடைத்த 28 கோடி ஆண்டு வயதுள்ள மீசோசாரஸ் என்ற ஊர்வன ஒன்று கருவை வயிற்றில் சுமந்த நிலையில் கல்லாகியிருப்பது 2012-ல் தெரியவந்தது இந்தக் கட்சிக்குத் தெம்பு. முட்டையையே காட்டி வழக்கை முடிக்கலாம் என்றால், நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஓட்டு முட்டைகள் ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்குள்தான் அடங்குகின்றன. ஹைலோனோமஸுக்கும் அவற்றுக்கும் நடுவே பத்துக் கோடி ஆண்டுக்கும் மேல் வெற்றிடம். ஆதி முட்டைகள் தோல்போன்ற மென்மையான உறையோடு இருந்து மக்கிப்போயிருக்க வேண்டும். முசாரஸ், புரோட்டோசெரடாப்ஸ் போன்ற டைனோசர்கள்கூட மென்முட்டைதான் இட்டன என்று 2020-ல் காட்டினார்கள்.

முட்டைக்கே இத்தனை பக்கம் போய்விட்டது. கருவுறுதலை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: ஓடு கட்டுவதற்கு முன்பே விந்து உள்ளே போயாக வேண்டும் என்பதால், மீனும் தவளையும் பெரும்பாலும் தண்ணீரில் விட்டுவிடும் வேலையைப் பனிக்குட விலங்குகள் உடலுக்குள்ளேயே முடிக்கின்றன.

இனி தோல். பாம்பின் செதில்தான் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். 1972-ல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வு அதைக் கவிழ்த்தது. செதிலே இல்லாமல் பிறந்த ஒரு பாம்பைச் சாதாரணப் பாம்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே அளவு தண்ணீரைத்தான் இழந்தன. காவல் காப்பது செதில் அன்று, அதற்கு உள்ளே கெரட்டின் அடுக்குகளுக்கு நடுவே பூசியிருக்கும் கொழுப்பு. கரைப்பான் ஊற்றி அந்தக் கொழுப்பை நீக்கிவிட்டால் பாம்புச் சட்டையும் ஓட்டைக் குடம்தான். செதில் உரசலுக்கும் அடிக்கும் கவசம். நீர்க்காவல் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பூச்சு. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் சுண்ணாம்புக் குகையொன்றில், கசிந்த பெட்ரோலிய எண்ணெயில் ஊறிப் பிழைத்த விரல் நகத்தினும் சிறிய தோல் துணுக்கைப் பற்றி 2024-ல் எழுதினார்கள். சுமார் 28 கோடியே 90 லட்சம் ஆண்டு பழையது. பார்த்தால் இன்றைய முதலைத் தோல்போலக் கூழாங்கல் பதித்தாற்போல இருக்கிறது.

தோலை மூடிவிட்டால் கரியமில வாயு எப்படிப் போகும்? இங்கேதான் விலா எலும்பு வருகிறது. நெஞ்சுக்கூட்டை விரித்தால் காற்று தானாக உள்ளே பாயும், சுருக்கினால் வெளியேறும். தவளையின் வாய்ப் பம்பைப் போலப் பல மடங்கு காற்று ஒரே மூச்சில் மாறும். விலா மூச்சு வந்த பிறகுதான் தோலை அடைக்க முடிந்தது என்று தொல்லுயிரியலாளர் கிறிஸ்டீன் ஜானிஸ் போன்றோர் வாதிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படுகிறது. கூடவே ஒரு லாபம். வாயால் காற்றைத் தள்ள வேண்டுமானால் தலை அகலமாக, தட்டையாக இருக்க வேண்டும். அந்த வேலை நெஞ்சுக்குப் போனதும் தலை ஒடுங்கியது, கழுத்து நீண்டது, தாடைக்கு இறுகக் கடிக்கும் தசைகள் வந்தன. வாசல் இரண்டாகப் பிரிந்தது. காற்றுக்கு மூக்கு, தண்ணீருக்குப் பூட்டு.

பூட்டுக்கும் விலை உண்டு. ஓணானைத் துரத்திய அனுபவம் உள்ளவர்கள் நினைவுபடுத்திப் பாருங்கள். விர்ரென்று ஓடும், நிற்கும், மீண்டும் ஓடும். நின்று பார்ப்பது திமிர் என்று சிறுவயதில் நினைத்தோம். பல்லி வகைகள் உடலை இடமும் வலமும் வளைத்து ஓடுகின்றன. வளைக்கும் தசைகளும் மூச்சிழுக்கும் தசைகளும் ஒன்று. ஓடும்போது ஒழுங்காக மூச்சுவிட முடியாது. உயிரியலாளர் டேவிட் கேரியர் 1987-ல் இதை விளக்கினார். அப்படியானால் உடும்பு மட்டும் எப்படிக் களைக்காமல் நடையாய் நடக்கிறது? 1999-ல் ஆப்பிரிக்க உடும்புகளை நடைப்பட்டையில் ஏற்றி எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். நடக்கும்போது தொண்டையை உப்பிக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. தவளையின் பழைய பம்ப்! தாத்தாவின் சைக்கிளைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து ஓட்டுவதுபோல.

சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலக்கரிக் காடுகள் சுருங்கி, உலகின் பெரும்பரப்பு வறண்டது. ஈரத்தோல்காரர்கள் ஒதுங்க, பூட்டுப் போட்டவர்கள் பரவினார்கள். அதற்கு முன்பே அவர்கள் இரு கிளையாகப் பிரிந்திருந்தார்கள். ஒன்று பாலூட்டிகளுக்கு, மற்றது ஊர்வனவற்றுக்கும் பறவைகளுக்கும். ஆகவே பல்லி நமக்குப் பாட்டி முறை ஆகாது. ஒன்றுவிட்ட சகோதரி என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

இத்தனை கோடி ஆண்டு கரைப் பழக்கத்தைப் பின்னாளில் சிலர் கடலுக்கே திருப்பி எடுத்துப்போனார்கள். அப்போது முட்டை அவர்களைக் காலைப் பிடித்து இழுத்தது. தையிலிருந்து பங்குனி வரை சென்னைக் கடற்கரையில் மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவெல்லாம் நடக்கிறார்கள், பங்குனி ஆமைகளின் முட்டைகளைத் தேடி. வாழ்நாளைக் கடலில் கழிக்கும் ஆமை, நாற்பது ஐம்பது கிலோ உடலைத் துடுப்புக் கால்களால் மணலில் இழுத்து வந்து நூறு முட்டைகளுக்கு மேல் புதைத்துவிட்டுப் போகிறது. கடலிலேயே போட்டிருந்தால் அத்தனையும் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். ஓட்டின் துளைகளில் நீர் நிறைந்தால் காற்றுக்கு வழியில்லை. பெரும்பாலான கடற்பாம்புகள் குட்டி போட்டு இந்தத் தொல்லையிலிருந்து தப்பின. டைனோசர் காலத்துக் கடல் ஊர்வனவான இக்தியோசார்களும் அப்படியே. முட்டையிடும் கடற்பாம்பு வகை இன்றும் கரைக்கு ஊர்ந்து வருகிறது.

விதிக்கு விலக்காக ஓர் ஆமை உண்டு. வட ஆஸ்திரேலியாவின் பாம்புக்கழுத்து ஆமை, மழைக்கால வெள்ளத்துக்கு அடியில், சேற்றுக்குள் முட்டையிடுகிறது. தாயின் கருக்குழாயில் ஆக்சிஜன் குறைவு என்பதால் எல்லா ஆமைக் கருக்களும் இடப்படும்வரை வளர்ச்சியை நிறுத்தி வைத்திருக்கும். இதன் கரு அந்த நிறுத்தத்தைத் தண்ணீருக்குள்ளும் வாரக்கணக்கில் நீட்டிக்கிறது. வெள்ளம் வடிந்து, சேறு காய்ந்து வெடித்து, முட்டையைச் சுற்றிக் காற்று நுழைந்த பிறகுதான் அது வளரத் தொடங்கும்.